மாடு வாங்குவது கடைசி வேலை: கூடி வரும் வெயிலில் கறவை மாடு கட்டத் தொடங்குபவர்களுக்கு

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார். பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து இரண்டு மாடு கட்டப் போகிறாராம். “அண்ணா, ஜெர்சி வாங்கலாமா, ஹெச்எப் வாங்கலாமா? எந்தச் சந்தைக்குப் போகலாம்?” என்று கேட்டார். ஜெர்சியும், ஹெச்எப் என்கிற ஹோல்ஸ்டீன் பிரீசியனும் வெளிநாட்டுப் பால் மாட்டினங்கள். “அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். உங்கள் கிணற்றில் வைகாசி மாதம் எத்தனை அடி தண்ணீர் நிற்கும்?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. “அதைத் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள், மற்றதைப் பேசுவோம்” என்றேன்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். முதல் முறையாக ஒன்றோ இரண்டோ கறவை மாடு கட்டப் போகிறவர்களுக்கு இது. நான் இருப்பது கரூர்ப் பக்கத்து வறண்ட காடு. 2024 ஏப்ரல் கடைசியில் பக்கத்து ஈரோட்டில் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. அந்தப் பத்து நாட்களும் எங்கள் ஊரில் பால் குறையாத வீடு கிடையாது. எங்கள் அப்பா காலத்தில் பங்குனி பாதிக்கு மேல்தான் மாட்டை மரத்தடிக்கு மாற்றிக் கட்டுவார்கள். இப்போது மாசியிலேயே மாற்ற வேண்டியிருக்கிறது. பகல் வெயிலைவிட எனக்குப் பெரிய கவலை இரவுப் புழுக்கம். பகலில் உடம்பில் ஏறிய சூட்டை மாடு இரவில்தான் இறக்கும். இரவும் சூடாக இருந்தால் மறுநாள் அது பழைய சூட்டோடுதான் எழுந்திருக்கும்.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. உலர் தீவனக் கிடங்குகள் திறந்து கிலோ இரண்டு ரூபாய்க்கு வைக்கோல் கொடுத்தார்கள். மாடு முதலில், தீவனம் பிறகு என்று தொடங்கியவர்கள் அந்தக் கோடையில் வந்த விலைக்கு மாட்டைத் தள்ளிவிட்டார்கள். சோளத்தட்டுப் போர் வைத்திருந்தவர்கள் தாக்குப் பிடித்தார்கள். அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன். தண்ணீர், நிழல், தீவனம், பிறகு மாடு.

முதலில் வெயிலைப் படியுங்கள்

மாட்டுக்கு வெயில் என்பது வெப்பம் மட்டும் இல்லை, காற்றின் ஈரப்பதமும் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப ஈரப்பதக் குறியீடு ஒன்று இருக்கிறது. அது 72ஐத் தாண்டினால் வெளிநாட்டு இனம் கலந்த கலப்பின மாட்டுக்குச் சிரமம் தொடங்குகிறது. 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தாலே ஏறக்குறைய 72 வந்துவிடும். நமக்கு அது குளுகுளுவென்று இருக்கும் நாள்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். கரூரில் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். நாகப்பட்டினத்தில் 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். குறியீட்டைப் போட்டால் இரண்டும் 84க்குப் பக்கத்தில் வருகின்றன. கடற்கரை ஊரில் வெயில் குறைவு என்று நினைத்து ஏமாற வேண்டாம், அங்கே மாட்டின் வியர்வை காயாது.

இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மாடே சொல்லும். மதியம் இரண்டு மணிக்குக் கட்டுத்தரைக்குப் போய் மாட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். விலாவுக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாற்பதுக்குள் இருந்தால் நிம்மதி. அறுபதைத் தாண்டினால் மாடு சிரமப்படுகிறது. எண்பதுக்கு மேல் போனால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். வாயைத் திறந்து நாக்கை நீட்டி, எச்சில் ஒழுக மூச்சு வாங்கினால் அது ஆபத்து. எண்ணும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். வெயில் தாங்காத மாடு படுக்காது. நின்றால் உடம்பைச் சுற்றிக் காற்று படும் என்று கால் கடுக்க நின்றுகொண்டே இருக்கும், அசையும் போடாது. மதியம் படுத்து அசை போடும் மாட்டைப் பார்த்தால் உங்கள் ஏற்பாடு சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கென்று ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மூச்சு, காலைப் பால், மாலைப் பால். வெயில் அடித்த அன்றே பால் குறையாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் குறையும். நோட்டு இல்லாதவர்கள் இதனால்தான் தீவனத்தைக் குறை சொல்கிறார்கள்.

தண்ணீர்

பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். பத்து லிட்டர் கறக்கும் மாடு கோடையில் நாளுக்கு 80 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். கழுவ, நனைக்க எல்லாம் சேர்த்து இரண்டு மாட்டுக்கு 250 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசுந்தீவனத்துக்குப் பாய்ச்சுவது தனி. இந்தத் தண்ணீர் வைகாசியிலும் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கோடை முழுக்கக் கிணற்றையோ போர்வெல்லையோ அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிடைக்காது என்றால் கலப்பின மாட்டை விட்டுவிட்டு, வெள்ளாட்டையோ நாட்டு மாட்டையோ யோசிப்பது நல்லது.

தண்ணீர் இருந்தும் மாடு குடிக்காமல் போவதுண்டு. எங்கள் கட்டுத்தரையில் அப்படித்தான் நடந்தது. மொட்டை மாடியில் இருந்த கருப்பு பிளாஸ்டிக் டேங்கிலிருந்து குழாய் போட்டு, தரைமேல் இருநூறு அடி இழுத்துத் தொட்டிக்கு விட்டிருந்தோம். தொட்டி எப்போதும் நிறைந்துதான் இருந்தது. ஒரு சித்திரை மதியம் மாடு தொட்டியில் மூக்கை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். கையை விட்டால் டீத்தண்ணி போலச் சுட்டது. அன்று சாயங்காலமே குழாயை ஒரு அடி ஆழத்தில் புதைத்தோம், அடுத்த வாரம் புங்கமரத்தடியில் சிமெண்ட் தொட்டி கட்டினோம். தீவனத்தில் எதையும் மாற்றவில்லை, பால் முக்கால் லிட்டர் ஏறியது.

ஆகவே தொட்டி நிழலில் இருக்கட்டும். மாடு நினைத்த நேரத்தில் எட்டிக் குடிக்கும்படி இருக்கட்டும். மாதம் இரண்டு முறை தேய்த்துக் கழுவி உள்ளே சுண்ணாம்பு அடியுங்கள், பாசி பிடிக்காது. மூன்று வேளை வாளியில் காட்டும் பழக்கம் கோடைக்குப் போதாது.

நிழல்

புதிதாக வருகிறவர்கள் அதிகப் பணத்தை வீணாக்குவது கொட்டகையில்தான். நாலு பக்கமும் சுவர் வைத்து, தாழ்வாகத் தகரம் போட்டு, வீடு மாதிரி கட்டிவிடுகிறார்கள். மாட்டுக்கு வேண்டியது மேலே நிழலும் பக்கத்தில் காற்றும்.

நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். பக்கவாட்டில் கூரை 8 முதல் 10 அடி உயரம், நடுவில் இன்னும் கூடுதல். பக்கச் சுவர் வேண்டாம். காவலுக்கு வேண்டுமென்றால் இடுப்பளவுக்கு மேல் கம்பி அடித்துக்கொள்ளலாம். ஒரு மாட்டுக்குக் கூரைக்குக் கீழே 40 சதுர அடி, திறந்த வெளியில் அதைப்போல் இரண்டு மடங்கு இடம். கூரைக்குத் தென்னங்கீற்றைப் போல எதுவும் வராது. ஆனால் இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும் பயமும் உண்டு. சிமெண்ட் ஷீட்டோ தகரமோ போட்டால் மேல்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, கோடைக்கு முன் மேலே கீற்றோ சோளத்தட்டோ பரப்புங்கள். ஷீட்டின் அடியில் கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மேற்குப் பக்கம் மரம் கட்டாயம் வேண்டும். மூன்று மணி வெயில் சாய்ந்து உள்ளே வருவதை எந்தக் கூரையும் தடுக்காது. வேம்பு, புங்கன், வாகை எல்லாம் நம் மண்ணில் தானாக வரும் மரங்கள். மாடு வாங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்னால் நட்டால் இன்னும் நல்லது. அதனால்தான் இந்த வேலையை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம் என்கிறேன்.

மாட்டை நனைப்பது ஊருக்கு ஊர் மாறும். எங்களைப் போன்ற வறண்ட பக்கத்தில் மேற்கே ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டு, மதியம் இரண்டு மூன்று முறை உடம்பில் தண்ணீர் விட்டாலே போதும், காற்று அதைக் காய வைத்துச் சூட்டை இறக்கிவிடும். கடலோரத்தில் வெறுமனே பனித்துளி போலத் தண்ணீர் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். அங்கே மாட்டின் தோல் வரை நனைய ஊற்றி, பிறகு மின்விசிறி வைக்க வேண்டும். எருமை என்றால் குட்டையோ நல்ல நனைப்போ இல்லாமல் முடியாது. கருந்தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு.

தீவனம்: இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும்

ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்குப் பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, உலர் தீவனம் 5 கிலோ வேண்டும். பிண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த அடர் தீவனம் உடம்புக்கு ஒன்றரை கிலோவும், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவும். இதில் அடர் தீவனத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மற்ற இரண்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வறட்சி வந்தால் முதலில் விலை ஏறுவது அவைதான்.

பசும்புல்லுக்குத் தமிழ்நாட்டில் கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எல்லோருக்கும் தெரியும். கரணையை, அதாவது தண்டுத் துண்டை, இரண்டடி இடைவெளியில் நட்டால் 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. தண்ணீரும் எருவும் தாராளமாக இருந்தால் பத்து சென்ட்டில் ஒரு மாட்டுக்கு மேலேயே வரும். தண்ணீர் பாதியாகிவிட்டால் அதே பத்து சென்ட் ஒரு மாட்டுக்குத்தான் சரியாக இருக்கும். ஆகவே மாட்டுக்குப் பத்து சென்ட் என்று கணக்கு வையுங்கள். இந்தப் புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு, அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையும் 30 கிராம் சாதா உப்பும் விடாமல் கொடுங்கள். வெயிலில் எச்சிலும் வியர்வையுமாக உப்பு வெளியே போகும் காலத்தில் இதற்கு முக்கியத்துவம் இன்னும் அதிகம்.

புல் மட்டும் போட்டால் போதாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகை சேர்க்க வேண்டும். வேலிமசால், தட்டைப்பயறு, அகத்தி, கிளிரிசிடியா இவற்றில் எது உங்கள் மண்ணில் வருகிறதோ அது. வேலி ஓரமாக மரத்தீவனம் வையுங்கள். புல் காய்ந்த மாதத்திலும் அகத்தியும் கிளிரிசிடியாவும் தழை கொடுக்கும், வேர் ஆழமாகப் போயிருக்கும். சூபாபுல் மரத்தழையும் நல்லதுதான், ஆனால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம், புரதம் நன்றாக இருக்கிறது. ஆனால் நமக்குத் தீவனம் தேவைப்படும் சித்திரை வைகாசியில்தான் அது சூட்டில் கருகும். நிழல்வலை போட்டு, தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்தால் கொஞ்சம் நிற்கும். அதை நம்பி மாடு வாங்க வேண்டாம்.

உலர் தீவனம் ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு டன் வேண்டும். தை, மாசியில் அறுவடை முடிந்து வைக்கோல் மலிவாக இருக்கும்போதே வாங்கிப் போர் போட்டுவிடுங்கள். சித்திரையில் கேட்டால் விலை வேறு. சத்தில்லாத வைக்கோலைக் கொஞ்சம் தேற்றவும் வழி இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடி வைக்க வேண்டும். எடுத்தபின் காரநெடி போகும் வரை காற்றாட விட்டுப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. கரைத்த யூரியாத் தண்ணீரை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் வாளியை அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது. முதல் முறை செய்யும்போது கால்நடை மருத்துவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மழைக்காலத்தில் பச்சை மிஞ்சும், கோடையில் பற்றாது. இரண்டையும் இணைப்பது சைலேஜ், அதாவது ஊறுகாய்ப் புல். மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடித்து மாவாகும் பருவத்தில் அறுத்து, ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, குழியிலோ பையிலோ போட்டுக் காற்றே இல்லாமல் மிதித்து அடைத்து 45 நாள் மூடி வைக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க வெட்டிய துண்டுகளைக் கையில் இறுக்கிப் பிடித்துவிடுங்கள். சாறு ஒழுகினால் ஈரம் அதிகம், பிடியைத் திறந்ததும் உதிர்ந்து கொட்டினால் காய்ந்துவிட்டது. உருண்டை மெதுவாக விரிந்தால் சரியான பதம். ஒட்டுப்புல்லில் செய்தால் அரை நாள் வாடவிட்டு, 100 கிலோவுக்கு இரண்டு கிலோ வெல்லம் கரைத்துத் தெளிக்க வேண்டும். ஆறடி நீளம், ஆறடி அகலம், ஐந்தடி ஆழக் குழி இரண்டு மாட்டுக்கு மூன்று மாதம் தாங்கும். திறக்கும்போது மோர்ப்புளிப்பு வாடை வர வேண்டும். அழுகல் நாற்றமோ பூஞ்சையோ இருந்தால் அந்தப் பகுதியை எடுத்து எருக்குழியில் போடுங்கள், மாட்டுக்கு வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மழை தவறிய காட்டில் வாடிக் குட்டையாக நிற்கும் இளம் சோளப்பயிரில் மாட்டை மேய விடாதீர்கள், அறுத்தும் போடாதீர்கள். பூ வருவதற்கு முந்தைய சோளம் வறட்சியில் வாடினால் சயனைடு நஞ்சு அதில் கூடிவிடும். வாட்டத்துக்குப் பின் ஒரு மழை பெய்து புதிதாகத் துளிர்க்கும் தளிரும் அப்படித்தான். தின்ற சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கி, தள்ளாடி, மாடு விழுந்துவிடும். மருத்துவர் ஊசி போட்டால் காப்பாற்றலாம், ஆனால் நேரம் மிகக் குறைவு. மழை முன்னும் பின்னுமாகப் பெய்யும் இந்தக் காலத்தில் இந்த விபத்துக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது. பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போட்டால் பயமில்லை.

தண்ணீரே இல்லாத நிலம் வைத்திருப்பவர்கள் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல். மழையை மட்டும் நம்பிய மேய்ச்சல் காடு. நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். காய்ந்து கருகியதுபோல் இருக்கும் புல் ஒரு மழைக்கே எழுந்துவிடும், கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீவனமாகும்.

கோடை நாளின் ஓட்டம்

மாசி முதல் ஆடி வரை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தீவனம் வயிற்றில் செரிக்கும்போதும் சூடு உண்டாகும், அதுவும் வைக்கோல் போன்ற நார்த்தீவனத்தில் அதிகம். பத்து மணிக்கு வைக்கோல் போட்டால் உள்சூடும் வெளிவெயிலும் மதியத்தில் ஒன்றாகச் சேரும். அதனால் காலை ஆறு மணிக்குள் ஒரு தீவனம், மதியம் பச்சைப்புல் மட்டும் கொஞ்சம், வைக்கோலின் பெரும்பங்கு இரவு ஏழு மணிக்கு மேல். மேய்ச்சலும் காலை ஒன்பதுக்குள், மாலை நாலரைக்கு மேல்.

மாடு சூட்டில் சாய்ந்துவிட்டால் பதறாமல் வரிசையாகச் செய்யுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், தலையிலிருந்து உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள், விசிறி வையுங்கள். தானாகக் குடித்தால் வெல்லமும் உப்பும் கலந்த தண்ணீரைத் தொட்டியில் காட்டுங்கள். மூச்சு வாங்கும் மாட்டுக்கு வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும், அதைச் செய்யாதீர்கள். மாட்டின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102 பாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் மருத்துவர் வந்தே ஆக வேண்டும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். எண்ணைக் கட்டுத்தரைத் தூணில் எழுதி வையுங்கள்.

சினை

கோடையில் மாடு பருவத்துக்கு வந்தாலும் கத்தாது. வாலைத் தூக்காது, வழும்பு லேசாகத்தான் இருக்கும், அதுவும் இரவில் வந்து விடியுமுன் போய்விடும். ஊமைப் பருவம் என்பார்கள். இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நாலரைக்கும் டார்ச்சோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், அந்தக் கணக்கை நோட்டில் எழுதுங்கள். காலையில் பார்த்தால் மாலையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் பார்த்தால் மறுநாள் காலையில். சித்திரையில் போட்ட ஊசி நிற்பது கஷ்டம், நின்றாலும் முதல் வாரங்களில் கரு கலைந்துவிடும் வாய்ப்பு அதிகம். முடிந்தவரை ஐப்பசி முதல் தை வரை சினைப்படுத்துங்கள். 280 நாள் கழித்து ஆடிக்குப் பின் கன்று போடும், பால் உச்சத்தில் இருக்கும் மாதங்கள் குளிர்காலத்தில் வரும்.

ஊசியும் உண்ணியும்

கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது, ஒரு சுற்றையும் தவற விடாதீர்கள். தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழைக்கு முன்னால் போட வேண்டும். தோல் கழலை நோய் இந்தியாவில் முதலில் 2019இல்தான் பதிவானது. 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஈ, கொசு, உண்ணி கடித்துத்தான் அது பரவுகிறது. சூடும் ஈரமும் மாறி மாறி வரும் பருவம் இந்தப் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். சாணியைத் தினம் அள்ளுங்கள், மூத்திரம் தேங்க விடாதீர்கள், மாலையில் வேப்பந்தழைப் புகை போடுங்கள். காது மடல், வால் அடி, மடிக்கு இரண்டு பக்கமும் கை விட்டு உண்ணி தேடுவதை வாரத்துக்கு ஒரு நாள் வேலையாக வையுங்கள். மூத்திரம் காபி நிறத்தில் போனால் உண்ணிக்காய்ச்சல், அன்றே மருத்துவர்.

வெள்ளம் வந்தால்

வறட்சி மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் ஆடுமாடுகள் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன. 2018 நவம்பரில் கஜா புயலின்போது வேதாரண்யம் பக்கமும் அதேதான். மாடு நீந்தும், கயிறுதான் அதைக் கொல்கிறது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் அன்று இரவு மாட்டைக் கட்டாமல் மேட்டு நிலத்தில் விடுங்கள். கட்டுத்தரைத் தூணில் எட்டும் உயரத்தில் ஓர் அரிவாள் செருகி வையுங்கள், இருட்டில் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மூன்று நாளைக்கு உலர் தீவனம் பரண்மேல் இருக்கட்டும்.

காதில் 12 இலக்க எண் உள்ள அடையாள வில்லை போட்டு, காப்பீடு செய்து, மாட்டை வில்லை தெரிய போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள். பேரிடரில் பசுவோ எருமையோ இறந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது அரசு நிவாரணம் அறிவித்தது. ஆனால் மருத்துவரின் சான்று இல்லாமல் புதைத்துவிட்டால் எதையும் கேட்க முடியாது.

நம் மாட்டின் ஏப்பம்

இந்த வெயிலில் நம் மாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும் வாயு அது. ஆனால் காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவில் கரைந்துவிடும். ஆகவே இன்று குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது பெரும்பாலும் உங்கள் லாபத்துக்கு வேண்டியதுதான். வெறும் வைக்கோல் தின்று இரண்டு லிட்டர் கறக்கும் மூன்று மாடு விடும் ஏப்பத்தைவிட, நல்ல பசுந்தீவனத்தில் எட்டு லிட்டர் கறக்கும் ஒரு மாட்டின் ஏப்பம் குறைவு. சினை பிடிக்காமல் ஓர் ஆண்டு சும்மா நிற்கும் மாடும் தினம் அதே அளவு விட்டுக்கொண்டுதான் இருக்கும். பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் ‘ஹரித் தாரா’ என்று ஒரு தீவனக் கலவையை உருவாக்கியிருக்கிறது, மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். கிடைத்தால் பயன்படுத்துங்கள். முதலில் இருக்கும் தீவனத்தைச் சமமாகக் கொடுங்கள். இரண்டு மாட்டின் சாணம் நாளுக்கு 25 கிலோ வந்தால் ஒரு கன மீட்டர் சாண எரிவாயு கிடைக்கும். மாதக் கணக்கில் அது ஏறக்குறைய ஒரு சமையல் சிலிண்டர். மிஞ்சும் கரைசல் அப்படியே புல்லுக்குப் போகும்.

இப்போது மாடு

கிணறும் நிழலும் தீவனப் போரும் தயார் என்றால் இனத்தைப் பேசலாம். சமவெளிக்கு ஹெச்எப் கலப்பைவிட ஜெர்சி கலப்பு வெயில் தாங்கும், உடம்பும் சிறியது, தீவனமும் குறைவு. காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் இவை நம் வெயிலுக்கே பிறந்தவை, ஆனால் பால் இரண்டு லிட்டர் அளவுதான். கன்றுக்கும் வீட்டுக்கும் எருவுக்கும் என்றால் அவை. பாலை விற்றுப் பிழைக்க வேண்டுமென்றால் ஜெர்சி கலப்பில் எட்டுப் பத்து லிட்டர் மாடு. இருபது லிட்டர் மாட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். அதிகம் கறக்கும் மாடு உள்ளே அதிகம் சூடாகும்.

கர்நாடகத்தில் சிந்தாமணி, கோலார் பக்கம் மாடு நன்றாக இருக்கும், ஆனால் அது குளிர்ந்த மேட்டு நிலம். அங்கே இருந்து பங்குனியில் இறக்கினால் லாரியிலேயே பாதி பால் போய்விடும். கொண்டுவந்தால் ஐப்பசி கார்த்திகையில் கொண்டுவாருங்கள். உள்ளூரில் வாங்குவதாக இருந்தால் விற்பவர் வீட்டுக்கு மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். குசலம் விசாரித்துக்கொண்டே மூச்சை எண்ணுங்கள். பக்கத்து மாடு மூச்சு வாங்க, இது படுத்து அசை போட்டால் விலை கொஞ்சம் கூடுதலானாலும் இதைப் பிடியுங்கள். இரண்டாம் ஈத்து, அதாவது இரண்டாவது கன்று போட்டு ஒரு மாதத்துக்குள் இருக்கும் மாடாகப் பாருங்கள். மாலை, காலை, மறுபடி மாலை என்று மூன்று வேளை நீங்களே நின்று கறந்து பாருங்கள். நாலு காம்பிலும் ஒரே வேகத்தில் வர வேண்டும், மடி கறந்தபின் துணிப்பை போலச் சுருங்க வேண்டும். ஒன்றுதான் வாங்குங்கள். ஒரு கோடையை அதோடு கடந்த பிறகு இரண்டாவது.

வண்டியில் ஏற்றுவது மாலையில். வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீர், அப்புறம் கொஞ்சம் பச்சைப்புல், இரவுக்கு வைக்கோல். அடர் தீவனத்தை அது பழைய வீட்டில் தின்ற அளவிலேயே தொடங்கி, பத்து நாளில் மெதுவாக உங்கள் கலவைக்கு மாற்றுங்கள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய் நில்லுங்கள்.